மொறிஸ் மைனருக்குள் நிசான் ஏ15: ஓர் எஞ்சின் மாற்றத்தின் முழுப் பதிவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு மொறிஸ் மைனர் காருக்கு எஞ்சின் மாற்றியதன் பதிவு இது. காரின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வேலையைப் பொறுப்பெடுத்தவர் முப்பது வருடத்துக்கு மேலாகக் கராஜ் நடத்தும் மெக்கானிக். நான் அவரிடம் தொழில் பழகியவன். இந்தக் காரில் மின் இணைப்பும் அளவுக் குறிப்புகளும் என் பொறுப்பாக இருந்தன. ஊரையும் பெயர்களையும் விட்டிருக்கிறேன். நடந்த பிழைகளை அப்படியே எழுதியிருக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து.

பின்னணி

கார் 1964ஆம் ஆண்டு வந்த மைனர் 1000, நாலு கதவு. 1962இன் கடைசியில் இந்த மொடலுக்கு 948 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு 1098 சிசி எஞ்சினைப் போட்டார்கள். வலு 37 குதிரையில் இருந்து 48 ஆனது. முன் பிறேக் டிரம்மையும் அப்போதே 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். எஞ்சினின் வலுவைக் கூட்டிய கையோடு பிறேக்கையும் கூட்டினார்கள் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். நாங்கள் அந்த ஒழுங்கில் செய்யவில்லை.

காரை வாங்கியவர் ஆசிரியரின் தகப்பனார். 1990களில் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராத வருடங்களில் ஊரிலிருந்த மற்றக் கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடியது. காபுறேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த வருடங்களில் இந்தக் கார் பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரவில் எத்தனை பேரை ஏற்றிப் போயிருக்கும் என்று ஆசிரியர் விரல் விட்டு எண்ணிச் சொல்வார். ஆனால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் நீர்த்துப்போனால் ரிங்கும் பெயாரிங்கும் தேயும். அந்தத் தேய்மானத்தோடுதான் கார் எங்களிடம் வந்தது.

போர் முடிந்து ஏ9 பாதை திறந்த பிறகு ஆசிரியருக்கு வவுனியாவில் மகள் வீட்டுக்கும், வருடத்தில் இரண்டு மூன்று தரம் கொழும்புக்குக் கண் கிளினிக்குக்கும் போகவேண்டி வந்தது. கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பஸ்ஸில் போகலாம்தானே என்று மகள் கேட்டிருக்கிறார். அவருக்கு இந்தக் காரில்தான் போகவேண்டும்.

முதல் பரிசோதனையில் கண்டது

கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் இறுகும் அழுத்தம், பார்த்தோம். சதுர அங்குலத்துக்கு 150 இறாத்தலை அண்டி நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு சிலிண்டர்கள் 90 காட்டின, ஒன்று 70தான். ஒயில் விட்டுப் பார்த்தபோது மூன்றும் கொஞ்சம் ஏறின. அதாவது ரிங்கும் சிலிண்டர் சுவரும் போய்விட்டன. கழற்றிப் பார்த்தால், சிலிண்டரை ஏற்கெனவே இரண்டு தரம் கடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் அறுபது கூட்டிய பிஸ்டன் போட்டிருந்தார்கள். இந்த எஞ்சினுக்கு அதற்கு மேல் கடைவது வழக்கமில்லை. மூன்று மெயின் பெயாரிங்கில் ஓடும் கிராங்கும் பல தரம் அரைத்துச் சிறுத்திருந்தது.

பிறேக்கையும் அன்று பார்த்தோம். லைனிங் தேய்ந்திருந்தது, டிரம் வட்டமாக இருந்தது. "லைனிங் மாத்தினாச் சரி" என்று குறிப்பில் எழுதியது நான்தான்.

எந்த எஞ்சின், ஏன்

மூன்று வழி இருந்தது. பழைய பிளொக்கின் சிலிண்டர்களுக்குள் ஸ்லீவ் என்ற புதிய இரும்புக் குழாய் அடித்து, இங்கிலாந்திலிருந்து பிஸ்டனும் பெயாரிங்கும் எடுத்துப் பழையபடி ஆக்கலாம். அதே குடும்பத்து 1275 சிசி எஞ்சினைத் தேடலாம். அல்லது இலங்கையில் மைனர்க்காரர் பலர் செய்வதுபோல யப்பான் எஞ்சின் ஒன்று போடலாம்.

முதல் வழிதான் சரி என்று நான் நினைத்தேன், இன்றும் அந்த எண்ணம் முழுதாகப் போகவில்லை. ஆனால் சாமான் வந்து சேர ஆகும் மாதங்களும் செலவும் ஆசிரியருக்குக் கட்டவில்லை. 1275 எஞ்சின் நல்ல நிலையில் அகப்படவில்லை. மிஞ்சியது நிசானின் ஏ குடும்பத்து எஞ்சின்கள். 1952இல் ஒஸ்ரின் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்து ஏ40, பிறகு ஏ50 கார்களை யப்பானில் பொருத்திய கம்பெனி நிசான். யாழ்ப்பாணத்துக்கு ஒஸ்ரின் எவ்வளவு பழக்கமோ, அந்தக் காலத்து நிசான்காரருக்கும் அவ்வளவு பழக்கம். ஏ குடும்பத்து எஞ்சினும் மைனரின் எஞ்சினைப் போலத் தள்ளுதடியில் வால்வை இயக்கும் சுபாவம்தான், ஆனால் ஐந்து மெயின் பெயாரிங், அலுமினிய ஹெட்.

ஏ12 என்றால் 1171 சிசி. ஏ15 என்றால் 1488. நிசானின் வனெற் வான்களில் வந்த ஏ15க்குச் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும்; ஐந்து கியர் பொக்ஸோடு ஒன்று கைக்கு வந்தது. வலு 1098ஐப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. முக்கால் தொன் எடையுள்ள காருக்கு அது தாராளம். இன்னும் புதிய, கொம்பியூட்டரோடு வரும் இன்ஜெக்‌ஷன் எஞ்சின் ஒன்றையும் பேசிப் பார்த்தோம். ஆசிரியர் ஒரேயடியாக மறுத்தார்.

"தம்பி, கிளிநொச்சிக்கு அங்கால நடு ரோட்டில நிண்டா, நானே திறந்து பாக்கக்கூடிய சாமானாப் போடுங்கோ."

நியாயமான பேச்சு. காபுறேற்றரில் ஜெற் அடைத்தால் ஊதிவிட்டுப் போகலாம். ஹிற்றாச்சியின் இரட்டைக் குழல் காபுறேற்றரோடு ஏ15 என்று முடிவாயிற்று.

பொருத்திய ஆறு கிழமை

உலோக வேலையில் மெக்கானிக்கிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மைனரின் கியர்பொக்ஸ் மூடி தரையில் போல்ட்டில் பூட்டியிருக்கும் தனித் தகடு என்பதால், காரின் உடம்பை வெட்டாமல் அந்த மூடியை மட்டும் வெட்டி உயர்த்தினார். எஞ்சினைத் தாங்கப் புதிய பிரக்கெற் இரண்டு அடித்தார். வானின் ஒயில் சம்ப் முன் குறுக்குச் சட்டத்தில் தட்டியதால் நிசானின் சன்னி (Sunny) காரின் சம்பும் உறிஞ்சு குழாயும் தேடிப் போட்டோம். புறொப்பெல்லர் ஷாப்டின் முன்பாதி நிசான், பின்பாதி மைனர். லேத்தில் சேர்த்து பலன்ஸ் பார்த்தது. மைனரின் கிளச் வெறும் இரும்புத் தடியில் இழுபடுவது, நிசானுடையது ஒயில் அழுத்தத்தில் வேலை செய்வது. ஆகவே முன் தடுப்புத் தகட்டில் துளையிட்டு, கிளச்சுக்குப் புதிதாக ஒரு மாஸ்ரர் சிலிண்டரும் தொங்கும் பெடலும் வைத்தோம்.

மைனரின் பிறேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஒயில் வழி. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நாலு சில்லுக்கும் பிறேக் இல்லை. கிளச்சுக்காகத் தகட்டைத் திறந்து வெல்டிங் போட்ட அன்றைக்கே, பக்கத்தில் இரட்டை வழி பிறேக் சிலிண்டர் ஒன்றையும் வைத்திருக்கலாம். மெக்கானிக்குக்கு அது தோன்றியது. "பிறகு பாப்பம்" என்றார். நானும் சரி என்றேன்.

என் பிழை இனி. இந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு எர்த் ஆகியிருக்கும். நிசானின் ஒல்ரனேற்றருக்கு நெகற்றிவ் எர்த் வேண்டும். அது எனக்குத் தெரியும். காகிதத்தில் எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அன்று பின்னேரம் மழைக்கு முன் எஞ்சினை ஒருதரம் சத்தம் கேட்டுவிடவேண்டும் என்ற அவசரத்தில், கழற்றும்போது நானே சோக்கட்டியால் அடையாளமிட்ட படி, சிவப்பு வயரைப் பழைய போல்ட்டில் முறுக்கினேன். மற்றதைத் தொட்டதும் ஒரு பொறி, ஒல்ரனேற்றர் பக்கம் கருகின மணம். டயோட் எல்லாம் போய்விட்டன. வயர் தீப்பிடிக்காதது எங்கள் நல்ல காலம். அடுத்த நாள் ஒல்ரனேற்றரைத் திருத்தி, பற்றரியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றி, எர்த் போல்ட்டுக்குப் பக்கத்தில் பெயின்ற்றால் குறியிட்டேன். அதன் பிறகு பழைய காரில் எந்த வேலை தொடங்கினாலும் எர்த் பார்த்துக் குறியிடுவதுதான் எனக்கு முதல் வேலை.

பதிவு அலுவலைப் பற்றிச் சுருக்கமாக: எஞ்சின் வாங்கிய ரசீதில் எஞ்சின் இலக்கத்தை எழுதுவித்து எடுத்தோம். பதிவில் பழைய இலக்கம் இருக்க வேறு எஞ்சினோடு ஓடக்கூடாது என்பதில் ஆசிரியர் கண்டிப்பாக இருந்தார். பதிவை மாற்றி, காப்புறுதிக்கும் அறிவித்த பிறகுதான் கேற்றுக்கு வெளியே கார் போனது.

முதல் மூன்று மாதம்

கார் நன்றாக ஓடியது. ஒரு லீற்றருக்கு 10 கிலோமீற்றர் போன கார் 12 போனது. பழைய எஞ்சினில் மணிக்கு 80 கிலோமீற்றர் போனால் நிமிடத்துக்கு 3,300 சுற்று ஓடும். உள்ளே இருந்து கதைக்க முடியாது. இப்போது ஐந்தாம் கியரில் அதே வேகத்துக்கு ஏறக்குறைய 2,800தான். ஆசிரியர் கராஜுக்கு வந்து, "கார் நடக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

அந்தச் சொல்லை நாங்கள் இன்னும் கவனமாகக் கேட்டிருக்கவேண்டும். நாற்பது வருடமாக அவர் வேகத்தைக் காதால் அளந்தவர். எஞ்சின் கத்தத் தொடங்கினால் காலை எடுப்பார். எஞ்சின் மாறியபோது அந்த அளவுகோல் போய்விட்டது. மிஞ்சியிருந்தது டாஷ்போட்டின் நடுவிலுள்ள பழைய, மைல் காட்டும் ஸ்பீடோமீற்றர். அதன் கேபிளை இப்போது சுற்றுவது வேறு காரின் கியர்பொக்ஸ். அது சரியாகக் காட்டுகிறதா என்று நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

ஏ9இல் மாடு

நாலாம் மாதம், வவுனியாவிலிருந்து திரும்பும்போது கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் இடையில் பின்னேரம் மாடுகள் ரோட்டைக் கடந்தன. அதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் பலமாகப் பிறேக் பிடித்திருக்கிறார். மூன்றாம் தரம் பெடல் கல்லைப்போல இருந்தும் கார் நிற்கவில்லை, இடப்பக்கம் இழுத்தது. கடைசி மாட்டின் பின்காலில் பம்பர் தட்டியது. மாடு எழும்பிப் போய்விட்டது. காருக்குள் ஆசிரியரும் மனைவியும் இருந்தார்கள், ஒருவருக்கும் காயமில்லை. நாற்பது மைலில்தான் வந்தேன் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நானும் மெக்கானிக்கும் அதே காரில் ஏ9க்குப் போனோம். முள்ளை நாற்பதில் வைத்து, கிலோமீற்றர்க் கல்லிலிருந்து அடுத்த கல் வரை கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்தேன். 45 செக்கன். அதாவது மணிக்கு 80 கிலோமீற்றர், 50 மைல். ஆசிரியர் பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த முள்தான் பத்து மைல் குறைத்துச் சொன்னது. வேகம் நாலில் ஒரு பங்கு கூடினால் பிறேக் விழுங்கவேண்டிய சக்தி ஒன்றரை மடங்கைத் தாண்டும். 48 குதிரைக்கென்று வைத்த டிரம்மிடம் அதை மூன்று தரம் கேட்டிருக்கிறோம். திரும்பி வரும் வழியில் மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. கேற்றடியில் இறங்கும்போது, "மாஸ்ரரிட்ட நான்தான் சொல்லவேணும்" என்றார். அன்றே போய்ச் சொன்னார்.

பிறேக்கை மாற்றியது

முதலில் அளந்தோம். வெறும் ரோட்டில் 60 கிலோமீற்றரிலிருந்து முதல் நிறுத்தம் 24 மீற்றர். உடனுக்குடன் ஐந்தாம் தரம் பிடித்தபோது 33 மீற்றர். சூடேறினால் டிரம் கைவிடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

வுல்ஸ்லி 1500 கார் மைனரின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. அதன் பெரிய டிரம்கள் கிடைத்திருந்தால் வேலை சுலபம். இங்கே கிடைக்கவில்லை. சிறிய யப்பான் கார் ஒன்றின் டிஸ்கும் கலிப்பரும் எடுத்து, லேத்தில் இணைப்புத் தகடு வெட்டி முன்னுக்குப் போட்டோம். பழைய மாஸ்ரர் சிலிண்டரை எடுத்துவிட்டு, கிளச் பெடலுக்குப் பக்கத்தில் இரட்டை வழிச் சிலிண்டர் வைத்தோம். டிரம்முக்கென்று செய்த சிலிண்டரில் குழாயில் கொஞ்சம் அழுத்தம் எப்போதும் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும். டிஸ்குக்கு அந்த அழுத்தம் போனால் பாட் உரசிக்கொண்டே சூடேறும். ஆகவே முன் வழியில் அந்த வால்வு இல்லாததாகப் பார்த்து எடுத்தோம். மறுபடி அளந்தபோது முதல் நிறுத்தம் 20 மீற்றர், ஐந்தாவது 21.

ஸ்பீடோமீற்றருக்குக் கியர்பொக்ஸ் பக்கத்துச் சின்னப் பல்லுச் சில்லை மாற்றினோம். இப்போது கிலோமீற்றர்க் கல்லோடு ஒத்துப்போகிறது.

ஹெட்டைக் கழற்றியபோது

எட்டாம் மாதம் தண்ணீர் குறைகிறது என்று வந்தார். ஹெட்டைக் கழற்றினோம். நீர் வழிகளின் விளிம்பில் அலுமினியம் கறையான் அரித்த பலகைபோல இருந்தது. கஸ்கற்றைச் சுற்றி வெள்ளைச் சுண்ணாம்புப் படை. விரலால் சுரண்டினால் முட்டைக் கோதுபோல உதிர்ந்தது.

"என்ன தண்ணி விட்டனீங்கள் மாஸ்ரர்?"

"கிணத்துத் தண்ணிதான். அப்பா காலத்திலயிருந்து அதுதானே."

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல், கிணற்று நீர் கடினம். இரும்பு ஹெட் உள்ள பழைய எஞ்சின் அதை ஐம்பது வருடம் தாங்கியது. அலுமினியத்துக்கு அது ஆகாது. புதிய எஞ்சினைக் கையில் கொடுத்த நாங்கள், கூலன்ற்தான் விடவேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய றேடியேற்றரும் அதே படையால் பாதி அடைத்திருந்தது. மைனரில் வெப்பமானி வருவதில்லை என்பதால் எத்தனை நாள் கூடுதல் சூட்டில் ஓடியது என்று அவருக்கும் தெரியவில்லை. ஹெட்டைச் சமப்படுத்தி, அரித்த இடங்களை நிரப்பி, றேடியேற்றருக்குப் புதிய உட்கூடு போட்டு, வெப்பமானி ஒன்றும் வைத்தோம்.

இன்றைய நிலை

இரண்டாம் வருடம் பனங்காணி ஒன்றின் மணலில் சில்லுப் புதைந்தபோது, கிளச்சைச் சட்டென்று விட்டு எடுக்கப் பார்த்ததில் பின் அக்சில் தண்டு முறிந்தது. மைனரில் பெயாரிங் வெளிக்கூட்டில் இருப்பதால் சில்லுக் கழன்று ஓடவில்லை. வலுக்கூடிய எஞ்சின் போட்ட மைனர்களில் இந்தத் தண்டு போவது தெரிந்த விஷயம். பழைய கார் ஒன்றிலிருந்து வேறு தண்டு போட்டோம். முழு அக்சிலையும் மாற்றவில்லை. ஆசிரியர் மெதுவாக ஓடுகிறார் என்பதை நம்பி விட்டிருக்கிறோம். அது சரியான முடிவா என்று எனக்கும் மெக்கானிக்குக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கணக்குப் பார்த்தால், எஞ்சினும் கியர்பொக்ஸும் வாங்கிய காசைவிட, பிறகு பிறேக்குக்கும் ஹெட்டுக்கும் றேடியேற்றருக்கும் போனது கூட. கார் ஓடுகிறது, கிளினிக்குக்கும் அதில்தான் போகிறார்.

மறுபடி செய்தால்

எஞ்சின் தேடப் போகமுன் பிறேக்கை முடிப்போம். தடுப்புத் தகட்டைக் கிளச்சுக்குத் திறக்கும்போதே பிறேக்குக்கும் சேர்த்துத் திறப்போம். ஒரே வெல்டிங், ஒரே பெயின்ற். அதற்குக் காசு போதாதென்றால் ஏ15ஐ விட்டு ஏ12ஐப் போடுவோம். இவருடைய ஓட்டத்துக்கு அது போதும், பின் அக்சிலும் தாங்கியிருக்கும். கார் கேற்றைத் தாண்டமுன் கிலோமீற்றர்க் கல்லில் ஸ்பீடோமீற்றரைச் சரிபார்ப்போம். வெப்பமானி முதல் நாளே வைப்போம்.

கடைசியாக, காரைக் கையளிக்கும் அன்று சொந்தக்காரரைப் பக்கத்தில் இருத்தி நாங்கள் ஓடிக் காட்டவேண்டும்: இந்தச் சத்தத்துக்கு இந்த வேகம், இங்கே கூலன்ற், இது வெப்பமானி. அடுத்து வந்த மைனருக்கு அப்படித்தான் செய்தோம். அதற்கு ஒரு பின்னேரம் போனது. பழைய 1098 எஞ்சின் ஒயில் பூசி ஆசிரியரின் கொட்டிலில் பலகை மேல் இருக்கிறது. மாதம் ஒருக்கால் கையால் சுற்றிவிடுகிறார். அதற்குப் பிஸ்டன் செற் எங்கேனும் கண்டால் சொல்லச் சொல்லியிருக்கிறார், நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.